கறிவடையில் ரஸ்க் கலந்த என் மகனுக்கு

மாவுச்சத்துக் குறைச்சல் சாப்பாட்டுக் குழு மக்களே, பெரிய செய்தி, வரும் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்தில் என் மகன் திறக்கப்போகும் இரண்டாவது மினி பர்கர் கடையின் போர்டில் என் படமும் இருக்காது என் பெயரும் இருக்காது, ஏனென்றால் பொட்டு மாவு கிடையாது என்று நான் உங்கள் எல்லாரிடமும் அடித்துச் சொன்ன அந்தச் சிக்கன் கறிவடையில் அவன் ரஸ்க் தூள் கலந்துகொண்டிருக்கிறான், என் கையாலேயே சோதித்துப் பார்த்துவிட்டேன்.

தினேஷ், இனிமேல் எழுதுவது எல்லாம் உனக்கு. எட்டு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. உன் அம்மா போனையும் எடுக்கவில்லை. நீ தனியாக எடுத்திருக்கும் ரூமுக்கு வந்தால் பூட்டு தொங்குகிறது, கடைக்கு வந்தால் நான் வருவதைப் பார்த்ததும் கல்லைக் கூட இருப்பவனிடம் விட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாய். ஆனால் இந்தக் குழுவை மட்டும் நீ தினமும் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் கஸ்டமர் பாதிப் பேர் இங்கிருந்துதான் வருகிறார்கள். அதனால்தான் வீட்டுக்குள் கேட்க வேண்டியதை ஊர் நடுவில் நின்று கேட்கிறேன். கேள்வி ஒன்றே ஒன்றுதான். எந்தத் தேதியிலிருந்து ரஸ்க் போட ஆரம்பித்தாய்? முனுசாமி மாமாவுக்குத் திங்கட்கிழமை காலையில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட். அதற்குள் அந்தத் தேதி எனக்கு வேண்டும்.

முனுசாமியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் எங்கள் கம்பெனியில் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், நான் குவாலிட்டியில் இருக்கிறேன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்குச் சர்க்கரை வந்த அடுத்த வருடம் அவனுக்கும் வந்தது. உன் தள்ளுவண்டிக்கு அடிச்சட்டம் வெல்டிங் வைத்து, சக்கரம் மாட்டி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மொதல் பர்கர் எனக்குத்தான்டா மாப்ள" என்று நின்றவன். இப்போது அவன் வலது கால் கட்டைவிரலில் ஒரு புண். ஷூ உரசி வந்த சின்னப் புண், ஆறவே மாட்டேன் என்கிறது. பிரேக் மிதிக்கிற கால் அது.

இந்தப் பர்கர் எங்கிருந்து வந்தது என்று உனக்கு நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் நீ மறந்துவிட்ட மாதிரி நடக்கிறாய். எனக்குச் சமையல் தெரியாது. காபி கூட உன் அம்மாதான் போடுவாள். சர்க்கரை வந்த பிறகு கம்பெனி பஸ்ஸில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மாவுச்சத்துக் குறைச்சல் சாப்பாடு என்றால் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். நாற்பத்தைந்து வயதில் சின்னப் பையன் மாதிரி ஆளி விதைப் பொடியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பர்கர் செய்யலாம் என்று ஆரம்பித்தபோது பன்னுக்கு என்ன செய்வது என்று ஒரு வாரம் திண்டாடினேன். கோஸ் இலை கிழிந்தது. கத்திரிக்காயை வட்டமாக வெட்டி வாட்டினால் கையில் வழிந்தது. நீதான் அம்மாவின் குழிப்பணியாரக் கல்லை எடுத்து வந்து வைத்தாய். முட்டையை நன்றாக அடித்து, உலர்ந்த தேங்காய்த் தூளும் துளி சமையல் சோடாவும் உப்பும் சேர்த்துக் குழியில் ஊற்றினோம். உப்பி வந்தது. இரண்டு குழி சேர்த்தால் ஒரு மினி பன். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. அந்த மூளை உனக்கு இருந்தது. அதனால்தான் இந்த வயிற்றெரிச்சல்.

பன்னுக்கு நடுவில் வைக்கும் கறிவடையையும் நாம் சேர்ந்துதான் சரி செய்தோம். தொடைக்கறியைக் கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் போன பிறகுதான் கைமா போடச் சொல்ல வேண்டும். கைமா போட்ட பிறகு கழுவினால் கதை முடிந்தது, அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு கல்லில் பிய்த்துக்கொண்டு போகும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, முறுக்கிப் பிழிய வேண்டும். அரைக் கிலோ கைமாவுக்கு ஒரு முட்டை மஞ்சள் கரு, இரண்டு ஸ்பூன் ஆளி விதைப் பொடி, இஞ்சி பூண்டு, பச்சை மிளகாய், மல்லித்தழை, மிளகுத் தூள். பிசைந்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, எலுமிச்சை அளவு உருட்டித் தட்டி, சின்னத் தீயில் இரண்டு பக்கமும். ஒன்றை வெட்டிப் பார்த்து நடுவில் ரோஸ் நிறம் இல்லை என்றால் இறக்கலாம். இப்படிச் செய்தாலும் ஓரம் கொஞ்சம் உதிரும். உதிரத்தான் செய்யும். மாவு இல்லாத சாப்பாட்டின் குணம் அது. எத்தனை தடவை சொல்லியிருப்பேன் உன்னிடம்.

போன் கம்பெனியில் உன் கான்ட்ராக்ட் முடிந்து நீ வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, கடை போடுகிறேன் என்றாய். நான்தான் குதித்தேன். போர்டில் என் படத்தைப் போட்டுக்கொள் என்றேன். 'அப்பா தினமும் சாப்பிடும் பர்கர்' என்று எழுதியதும் என் யோசனைதான். வெட்கமாக இருக்கிறது. காலை ஐந்தே முக்காலுக்கு நான் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது, நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக எங்கள் கேட்டுக்கு வெளியே நீ கல்லைப் பற்ற வைத்திருப்பாய். முதலில் வெந்ததை எனக்குக் கொடுப்பாய்.

"ப்பா, துன்னுட்டு சொல்லு."

"ஓகேடா. ஓட்டு."

அவ்வளவுதான். உள்ளே போய்விடுவேன். மதியம் இரண்டரைக்கு ஷிஃப்ட் விட்டால் எங்கள் கம்பெனி பஸ் கேட்டுக்கு உள்ளேயே ஆள் ஏற்றிக்கொண்டு நேராக நம் வீடு இருக்கும் மணிமங்கலம் வந்துவிடும். உன் கடையின் இரண்டாவது பர்கரை நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. முனுசாமி பைக்கில் வருகிறவன். அவன்தான் இரண்டரைக்கு உன்னிடம் நிற்பான். ஆறு அங்கேயே சாப்பிடுவான், ஆறு ராத்திரிக்குப் பார்சல். என்னிடம் பெருமையடிப்பான். "உன் புள்ள கைல இன்னாமோ கீதுடா. கேன்டீன் பரோட்டாவ பாத்தே எவ்ளோ நாளாச்சி. ஒரு சோத்துப் பருக்க வாயில வெக்கறதில்ல நானு." டாக்டரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறான். டாக்டர் என்ன நினைப்பார்? இவ்வளவு கட்டுப்பாடாகச் சாப்பிட்டும் சர்க்கரை ஏறுகிறது, புண் ஆறவில்லை, அப்படியென்றால் மாத்திரை வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை வாருங்கள், இன்சுலின் ஊசி ஆரம்பிக்கலாமா என்று முடிவு செய்வோம், விரலையும் பார்ப்போம் என்றிருக்கிறார். பொய்யான கணக்கை வைத்துக்கொண்டு ஒரு நல்ல டாக்டர் முடிவெடுக்கப்போகிறார். அந்தப் பொய்யை அவன் வாயில் ஊட்டியது நீ.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவனைப் பார்க்கப் படப்பைக்குப் போனேன். காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சரசா புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். மேஜையில் உன் கடைப் பார்சல். "துன்னுடா, உன் புள்ள பண்ணது" என்று ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான். கடித்தேன். மெத்தென்று இருந்தது. ஓரம் உதிரவில்லை. கிள்ளிப் பார்த்தேன், பஞ்சு மாதிரி வந்தது. கைகழுவுகிற மாதிரி வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்தால் எதிரே சரசா வைத்திருந்த அயோடின் மருந்துப் பாட்டில். பால் பன்னீரில் மாவு கலந்திருந்தால் நீலமாகும் என்று அயோடின் விட்டுக் காட்டுகிற வீடியோவை இந்தக் குழுவில் நானே எத்தனை தடவை போட்டிருக்கிறேன். மீதிக் கறிவடையைத் தட்டில் வைத்து இரண்டு சொட்டு விட்டேன். பழுப்பாக விழுந்த மருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாக மாறியது. "இன்னாண்ணே, சாப்பாட்டுல மருந்து ஊத்தினு கீறீங்க" என்றாள் சரசா. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அப்போதும் உனக்காக ஒரு சந்தேகத்தை மிச்சம் வைத்தேன். வீட்டுக்கு வந்து, நம் பழைய முறைப்படி நானே கறிவடை செய்து, அதிலும் அதே மருந்தை விட்டேன். மிளகுத் தூள் இருந்த இடத்தில் மட்டும் ஊசிமுனை மாதிரி புள்ளிகள். மற்ற இடமெல்லாம் பழுப்பாகவே நின்றது. உன்னுடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன், கீழே இருக்கிறது, எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு உன் கடைக்கு வந்தேன். கூட்டம் நின்றது. நான் எதிர்ப்பக்கம் ரோட்டில் வந்ததால் நீ என்னைப் பார்க்கவில்லை.

"இதுல இன்னாடா போட்ட?"

"எப்பவும் போடறதுதான்."

"எப்பவும் போடறது எது? நாம வூட்ல பண்ணதா, நீ புச்சா கண்டுபுடிச்சதா?"

"கஸ்டமருங்க நிக்கறாங்கப்பா. அப்பால பேசலாம்."

"அவங்களுக்கும் தெரியட்டும். சொல்லு."

நீ கரண்டியைக் கல்லில் தட்டிக்கொண்டே இருந்தாய். "ரஸ்க்கு. கொஞ்சம்தான். மொத்தமா வாங்கற கைமா தண்ணியா வருது. கல்லுல போட்டா பிச்சிக்கினு போவுது. ரெண்டரைக்கு எல்லாக் கம்பெனியும் வுடறான், இருவது நிமிசத்துல பஸ்ஸெல்லாம் கெளம்பிடும். ஒடைஞ்சத எவன் வாங்குவான்?"

"காலைல எனக்குக் குடுக்கறியே, அதுல?"

"அதுல இல்ல."

"ஏன்?"

"நீதானப்பா ஃபர்ஸ்ட் பீஸ் பாக்கறவன்."

வரிசையில் நின்ற ஒரு பையன், "அண்ணே, பஞ்சாயத்து முடியறதுக்குள்ள எங்க பஸ்ஸு தாம்பரம் போயிடும், நாலு மட்டும் குடுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் கேட்டேன், எந்தத் தேதியிலிருந்து போடுகிறாய், மாமாவின் டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று. "நாபகம் இல்லப்பா" என்றாய். அப்புறம் பைக்கை எடுத்தாய். அதோடு சரி.

நீதானப்பா ஃபர்ஸ்ட் பீஸ் பாக்கறவன். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எட்டு நாளாக நான் படும் பாடு உனக்குத் தெரியாது. எங்கள் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஷிஃப்ட் தொடங்கியதும் மெஷினில் இருந்து வரும் முதல் பாகத்தை குவாலிட்டிக்காரன் அளந்து பார்ப்பான். சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவான், லைன் ஓடும். நடுவிலும் கடைசியிலும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்க்காதவர்கள் உண்டு. அது தெரிந்த ஆபரேட்டர்கள் முதல் பாகத்தை மட்டும் தங்கமாகச் செய்து வைத்துவிட்டு அப்புறம் இஷ்டத்துக்கு ஓட்டுவார்கள். நீ பத்தாவது படிக்கும்போது, சாப்பிட உட்காருகிற நேரமெல்லாம் இந்தக் கதைகளை உனக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவன் நான்தான். எவன் எப்படி ஏமாற்றினான், என்ன திறமை பார் என்று. அவர்களை நான் மாட்டிவிட்ட கதையை ஒருநாளும் சொல்லவில்லை, ஏனென்றால் பலரை நான் மாட்டிவிடவே இல்லை. இருபது வருடம் இந்த வேலை பார்த்தவன், சொந்த மகன் கடையில் முதல் பர்கரைக் கடித்துவிட்டு ஓகே என்று போய்க்கொண்டே இருந்தேன். இது என் தப்பு. இதை உன் தலையில் கட்டமாட்டேன். அதற்காக உன் தப்பு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கதையைச் சொன்னவன் நான். அதை ஒரு சர்க்கரை நோயாளியின் தட்டில் செய்து பார்த்தவன் நீ.

ரஸ்க் விற்பது குற்றமா என்று கேட்பாய். இல்லை. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எத்தனையோ கடையில் ரஸ்க் போட்ட கட்லெட் விற்கிறது, நன்றாகவும் இருக்கிறது, அவர்கள் யாரும் மாவு இல்லை என்று போர்டு வைக்கவில்லை. கைமா தண்ணியாக வருகிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கைமாவை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருப்போம், கறிக்கடைக்காரனிடம் சண்டை போட்டிருப்போம், இல்லையென்றால் உதிர்ந்ததைக் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனோடு விற்றிருப்போம். அதுவும் முடியாவிட்டால் போர்டை மாற்றியிருக்கலாம். நாலு வழி இருந்தது. நீ எடுத்தது ஐந்தாவது. இனிமேல் நீ எந்தத் தொழில் செய்தாலும் இதை மட்டும் வைத்துக்கொள்: ஒருவன் உன் வார்த்தையை நம்பி வாயில் வைக்கிற பொருளில் கைவைக்காதே. முடியாமல் போனால் கடையை மூடு. மூடிய கடையால் யாருக்கும் கால் போகாது.

உன் அம்மா இதை எழுத வேண்டாம் என்கிறாள். "பெத்த புள்ளைய இன்னாத்துக்கு ஊரு முன்னாடி நாறடிக்கற? கூப்ட்டு ரெண்டு அறை வுடு, முடிஞ்சிது" என்றாள். "போனையே எடுக்க மாட்றான், அறைய எங்கடி வுடறது?" என்றேன். அன்றிலிருந்து முகம் கொடுக்கவில்லை, மூன்று நாளாகத் தட்டைத் தரையில் நக்கென்று வைக்கிறாள்.

நேற்று முனுசாமிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அவனுக்குத் தெரியாமல் அவன் காலைப் பற்றி எழுதக்கூடாது இல்லையா. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் முடித்த பிறகு கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். அப்புறம் சொன்னான்.

"போடாதடா. பையன் கட இப்பத்தான் ஓடுது. ஒரு வெரலுதானே."

சரசா உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள். "யாரு வெரலு? உன்தா, அவன்தா? நீங்க போடுங்கண்ணே" என்றாள்.

போட்டுவிட்டேன். தினேஷ், உன்னிடம் கெஞ்சப்போவதில்லை. வீட்டுக்கு வா என்று கூப்பிடவும் இல்லை. என் படத்தை எடுத்துவிடு, தேதியைச் சொல். மறந்துவிட்டது என்றால், ரஸ்க் வாங்கிய கடைக்காரனைக் கேள். கைமா கடையை மாற்றிய நாளை யோசித்துப் பார். அரைகுறையாகவாவது சொல். ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், ஆனால் உண்மையை வைத்துக்கொண்டு முடிவு செய்யட்டும்.

அவன் சொல்லமாட்டான் என்றே வைத்துக்கொள்கிறேன். அதனால் குழு மக்களே, உங்களிடம் கேட்கிறேன். என் பேச்சை நம்பி அந்தக் கடையில் சாப்பிட்டவர்கள் முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள், உங்கள் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள், தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை திறப்புக்குப் போகிறவர்கள் அவன் மேல் கைவைக்கக்கூடாது, வீடியோ எடுக்கக்கூடாது, அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். இந்தப் பதிவை உங்கள் கம்பெனி குழு, பஸ் குழு, ஹாஸ்டல் குழு எல்லாவற்றிலும் பகிருங்கள். அங்கே வழக்கமாகச் சாப்பிட்டவர்கள் யாராவது யோசித்துப் பாருங்கள்: ஆரம்பத்தில் கறிவடை உதிர்ந்தது, பேப்பரில் தூள் விழுந்தது, நீங்கள் கூட 'டேஸ்ட் சூப்பர், ஆனா உடையுது' என்று இங்கே எழுதினீர்கள். அது எந்த வாரத்தில் உடையாமல் போனது? சம்பள நாளுக்கு முன்னாலா பின்னாலா, எந்த ஷிஃப்ட்டில் இருந்தீர்கள், எது நினைவிருந்தாலும் எழுதுங்கள். பத்துப் பேர் சொன்னால் ஒரு நாள் கிடைத்துவிடும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் முனுசாமியும் கிளம்புகிறோம். அதுவரை கமெண்ட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தயவுசெய்து இதற்கு யாரும் இதயம் போடாதீர்கள். தேதி போடுங்கள்.